வாக்குத் தராத வண்டி

நம்பிக்கைத் துரோகம் என்பது மிகக் கனமான சொல். எனினும் அதை நாம் மனிதரோடு நிறுத்திக்கொள்வதில்லை. நடுவழியில் நின்றுபோன வண்டியையும் 'கைவிட்டுவிட்டது' என்கிறோம். 'இதை நம்பி வந்தோமே' என்று நொந்துகொள்கிறோம். வாக்கே தராத ஒன்று வாக்குத் தவற முடியுமா? சற்றே சிந்திப்போம்.

இந்த மனத்தாங்கலை மேலைநாடுகளில் பழைய கேம்பர் வேன் வைத்திருப்போரிடம் தெளிவாகக் காணலாம். படுக்கையும் அடுப்பும் அலமாரியும் உள்ளடங்கிய நடமாடும் சிறு வீடு அது. 1947-இல் பென் பான் என்னும் டச்சு வணிகர் தம் குறிப்பேட்டில் வரைந்த எளிய படமே வோக்ஸ்வாகன் வேனுக்கு வித்தாயிற்று. 1950-இல் ஜெர்மனியில் அதன் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதனுள் தங்கி வாழ வசதி செய்து தந்தது. அதை வாங்கியோர் வண்டியை மட்டும் வாங்கவில்லை. எவரையும் சாராமல் நினைத்த இடத்தில் தங்கலாம் என்னும் விடுதலைக் கனவையும் சேர்த்தே வாங்கினர்.

ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கனவுக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. தகடுகள் இணையும் மடிப்புகளில் நீர் தங்கித் துரு அரிக்கிறது. தொடக்ககால வேன்களின் எஞ்சினைக் குளிர்விப்பது நீரன்று, காற்று. அக்காற்றை வீசும் விசிறியைச் சுழற்றுவது ஒரேயொரு ரப்பர் பெல்ட். அது அறுந்தபின்னும் ஓட்டினால் எஞ்சின் வெந்துபோகும். பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய் வெடித்துச் சொட்டினால், சூடான எஞ்சின்மீது தீப்பற்றி வண்டி முழுவதும் எரிந்துபோகக்கூடும். இவ்வாறு, எவரையும் சாராதிருக்க வாங்கிய வண்டி மெக்கானிக்கையும் இழுவை வண்டியையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வைக்கிறது. விடுமுறை சாலையோரத்திலேயே கழிகிறது. சினம் எழுவது இயல்பே.

ஆயினும் அச்சினத்தின் இலக்கு எது? வண்டி நம்மிடம் எதையும் மறைக்கவில்லை. தேய்மானம் பொருளின் இயல்பு. அது வஞ்சகம் அன்று. 'விற்ற நிறுவனம் உறுதி தந்ததே' எனலாம். தந்தது உண்மைதான், ஆனால் குறித்த தொலைவுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும் என்னும் நிபந்தனைகளோடு தந்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு அந்த உறுதியும் முடிந்துவிட்டது. பொருளின்மீது நாம் வைப்பது எதிர்பார்ப்பு. மனிதர்மீது வைப்பதே நம்பிக்கை. முன்னது பொய்த்தால் இழப்பு. பின்னது பொய்த்தால்தான் துரோகம்.

அப்படியெனில் இவ்விடத்தில் துரோகம் செய்யக்கூடியவர் எவர்? துருவின்மீது பட்டி பார்த்து, பளபளக்க வண்ணம் பூசி, 'குறையே இல்லை' என்று விற்பவர். குழாய் வெடித்திருப்பது தெரிந்தும், 'இந்த ஒரு பயணம் தாங்கும்' என்று சொல்லிப் பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்றுபவர். வண்டியைப் பழிக்கும் சொல் எளிதாக நாவில் எழுவதால், நம்மேல் விழவேண்டிய பொறுப்பு எளிதாக நழுவிவிடுகிறது.

'பழையதை வீசியெறிவதே அறமா?' என்று கேட்கலாம். அன்று. 1969-இல் ஜான் மூயர் எழுதிய வோக்ஸ்வாகன் பழுதுபார்ப்புக் கையேடு, தொழில் அறியாத எளியோரும் தம் வண்டியைத் தாமே பேணக் கற்பித்தது. எஞ்சினின் ஓசையைப் பொறுமையோடு கேட்கப் பழகியவர், பயன்படுத்தி எறியும் பழக்கத்திலிருந்து விடுபடுகிறார். பேணுதலும் ஒரு நற்பண்பே. ஆனால் அதற்கு எல்லை உண்டு. பிரேசிலில் இந்த வேனின் உற்பத்தி 2013-இல் நின்றது. புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட காற்றுப்பையையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கையும் அப்பழைய அமைப்பில் பொருத்துவது எளிதாக இருக்கவில்லை. ஒரு பொருளின்மீது கொண்ட பற்றுக்காகப் பிறர் உயிரை ஈடுவைக்க எவருக்கும் உரிமையில்லை என்பதை இம்முடிவு நினைவூட்டுகிறது.

ஆகவே பழைய வண்டியின் உரிமையாளர் 'இதை நம்பலாமா?' என்று கேட்பதைவிட, 'இதில் ஏறுவோரும், நாளை இதை வாங்குவோரும் என்னை நம்பலாமா?' என்று கேட்பதே தகும். முதல் கேள்விக்கு மெக்கானிக் விடை சொல்வார். இரண்டாவதற்கு அவரவர் மனச்சான்றே விடை சொல்ல வேண்டும்.