அச்சுறுத்தலும் ஊறே

பிறவுயிரைக் கோறலாகாது, அதன் உடற்கு ஊறு விளைத்தலாகாது என்பதனைச் சைவநன்மக்கள் யாவரும் உடன்படுவர். கைதொடாது, கோலெடாது, சொல்லாலும் நோக்காலும் ஒருவனை நாடோறும் நடுங்கவைத்து வாழ்வான் அவ்விலக்கைக் கடந்தவனாவானோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது. "அவன் மனந்தானே வருந்திற்று, உடலை யான் தீண்டிலேன்" என்பது அவன் கூறும் விடை. அவ்விடை நிற்குமா என்பதனை உடலியல் வல்லார் கண்ட உண்மைகொண்டு காண்பாம்.

சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலைமீதும் அட்ரினல் என்னும் சிறியதொரு சுரப்பி உளது. அஞ்சத்தக்கதொன்று எதிர்ப்பட்ட அளவிலே, நரம்பின்வழி ஏவப்பட்டு, அதன் உட்பகுதி அட்ரினலின் என்னும் ஹார்மோனைக் குருதியிற் கலக்கின்றது. நெஞ்சு விரைந்து துடிக்கும், மூச்சு மிகும், செரித்தற்றொழில் தணியும், குருதி தசைகளை நோக்கிப் பாயும். எதிர்த்தற்கோ ஓடுதற்கோ உடல் இங்ஙனம் ஆயத்தமாதலை, ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து வால்ட்டர் கேனன் என்பார் 1915-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். இதன்பின் மெல்ல எழுவது கார்ட்டிசால் என்னும் பிறிதொரு ஹார்மோன். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவ, அஃது அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதியை ஏவ, ஆண்டு இது சுரந்து, குருதியிற் சர்க்கரையை உயர்த்தி ஆற்றல் தரும். போதிய அளவு சுரந்தபின், தானே மூளையை அடைந்து தன் சுரப்பை அடக்கும். ஆதலின் சிறுபொழுதை அச்சம் கேடன்று. யாக்கையைக் காத்தற்கு அமைந்ததொரு கருவியேயாம்.

கேடு யாண்டுளதெனின், ஓயாமையின்கண் என்க. ஹான்ஸ் செல்யே என்பார் மான்ட்ரியல் நகரிலிருந்து 1936-இல் ஒரு செய்தி வெளியிட்டார். குளிர், மிக்க உழைப்பு, நஞ்சு எனப் பல்வேறு இடர்களுக்கு உட்பட்ட எலிகளில் விளைவு ஒன்றாகவே இருந்தது. அட்ரினல் பருத்தது, நோய்தடுக்குந் தைமஸ் சுருங்கிற்று, இரைப்பையிற் புண் தோன்றிற்று. மக்கள்மாட்டும் கார்ட்டிசால் நெடுநாள் மிக்கிருப்பின் நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றும், குருதியழுத்தம் ஏறும், துயில் கெடும்.

எலிகட்கு உற்றதுகொண்டு மக்களை அளத்தல் சாலுமோ எனின், மக்களிடத்தே நிகழ்ந்த ஆராய்ச்சியும் உண்டு. இலண்டனில் 1967-இல் தொடங்கி, அரசுப் பணியிலிருந்த ஆடவர் 17,000-க்கு மேற்பட்டோரை மருத்துவ அறிஞர் ஆராய்ந்தனர். இதயநோயால் இறந்தோர் வீதம் தலைநிலைப் பணியாளரினும் கடைநிலைப் பணியாளரிடத்து ஏறத்தாழ மும்மடங்காயிற்று. புகைபிடித்தல் முதலியன இவ்வேற்றுமையின் ஒரு பகுதிக்கே காரணமாயின. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சியில், தம் பணியில் தம் விருப்பஞ் செல்லப்பெறாதார்க்கு அந்நோய் மிகுதி என்பது புலனாயிற்று. பிறர் ஏவலின்கீழ் ஒடுங்கி வாழும் வாழ்க்கை உள்ளத்தோடு நில்லாது நெஞ்சப்பையிலும் சென்று தைக்கின்றது.

ஆகவே "உடலைத் தீண்டிலேன்" என்னும் விடை பொய்த்தது. கடுஞ்சொல் செவியிற் புகுந்து குருதியாய் ஓடுகின்றது.

அற்றேல், துன்பம் அவரவர் முன்வினைப் பயனன்றோ, அச்சுறுத்துவான் கருவி மாத்திரையன்றோ எனின், அன்று. அங்ஙனமாயிற் கொலைஞனும் அவ்விடையே கூறித் தப்புவான். நுகர்வார்க்கு அது பழவினையாயினும், செய்வானுக்கு ஆகாமியமாய் ஏறுதல் ஒழியாது. இனித் தந்தையும் ஆசிரியனுங் கண்டித்தல் பாவமோ எனின், அதுவுமன்று. குற்றத்தோடு தோன்றிக் குற்றத்தோடு முடியுங் கண்டிப்பை உடல் தாங்கும். அது நீங்கியபின் சுரப்பும் அடங்கும். எப்பொழுது சினப்பான் என்று அறியாத அச்சமோ முடிவிலது. அதற்கு உடல் அடங்குமிடம் இல்லை.

திருவள்ளுவர் கொல்லாமை கூறியதனோடு அமையாது, கொடுங்கோன்மையை அடுத்து வெருவந்த செய்யாமை எனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். அஃது அரசர்க்கு உரைத்ததென்று நாம் நீங்கலாகாது. நான்கு சுவர்க்குள் ஒவ்வொருவனும் அரசனே. புலாலை மறுத்து, நீறணிந்து, பூசைமுடித்து எழுந்து வருகின்றவன் அடியோசை கேட்ட அளவில் மனைவியும் மக்களும் ஏவலரும் பேச்சடங்குவராயின், அவன் காத்த கொல்லாமை குறையுடைத்து. நம் வரவால் வீட்டிலுள்ளார் மூச்சு எளிதாகின்றதோ, இறுகுகின்றதோ என்று ஒவ்வொரு மாலையும் நாமே நோக்கி அறிந்து திருந்துவோமாக.