வரிப் படிவமும் அமானத்தே



அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டித்து இறங்கிய தனி அத்தியாயமே திருக்குர்ஆனில் உண்டு. தராசு என்றதும் கடைவீதிதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இன்று கொடுக்கல் வாங்கல் பலவும் காகிதத்திலேயே நிறுக்கப்படுகின்றன. அரசுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வரிப் படிவமும் ஒரு தராசுதான். அதில் தட்டைச் சாய்ப்பவரின் நிலை என்ன?

இந்த வினா வெறும் கற்பனையன்று. நம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்கின்றனர். இங்கே பி.இ. முடித்து அங்கே எம்.எஸ். படிக்கும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அறை நண்பர்கள் சொல்லிக் கொடுத்தபடி வரிக் கணக்கைத் தாக்கல் செய்கிறார். கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. ஆயினும் கல்விச் சலுகை என்று ஆயிரம் டாலர் கைக்கு வந்து சேர்கிறது. அதை அக்காவின் திருமணச் செலவுக்கு ஊருக்கு அனுப்புகிறார். “இது ஹலாலான பணமா?” என்று வாப்பா கேட்டால் நாம் என்ன சொல்வது?

முதலில் அந்நாட்டுச் சட்டத்தை விளங்கிக்கொள்வோம். விஷயம் தெரியாமல் ஃபத்வா கூறுதல் தகாது.

கல்லூரிக் கட்டணம் செலுத்துவோருக்கு அமெரிக்க அரசு தரும் சலுகைகளில் பெரியது 2009ல் வந்தது. பட்டப்படிப்பின் முதல் நான்காண்டுகளுக்கு மட்டுமே உரியது அது. கட்டணத்தில் முதல் 2,000 டாலர் முழுமையாகவும், அடுத்த 2,000 டாலரில் கால் பங்கும் சேர்த்து, ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 டாலர் வரியில் கழியும். வரியே இல்லாதவருக்கும், தகுதி இருந்தால், 1,000 டாலர் வரை கையில் கிடைக்கும்.

கல்லூரி 1098-டி என்ற படிவத்தை அனுப்புகிறது. அதில் ஒரு கட்டத்தில் செலுத்தப்பட்ட கட்டணமும், மற்றொரு கட்டத்தில் உதவித்தொகையும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கட்டணம் 10,000 டாலர். அதற்கென்றே வந்த உதவித்தொகை 8,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் தம் கையிலிருந்தோ கடன் வாங்கியோ செலுத்தியது 2,000 மட்டுமே. அதற்குத்தான் சலுகை, 2,000 டாலர் கிடைக்கும். உதவித்தொகையை மறைத்து 10,000மும் தாமே கட்டியதாக எழுதினால் 2,500 கிடைக்கும். அந்த 500 டாலர்தான் தராசில் வைத்த கள்ளப்படி.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டுக் கண்டித்தார்கள். உதவித்தொகைக் கட்டத்தை மறைப்பவர் ஈரத்தை அடியில் வைப்பவரே.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கட்டணத்திற்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் செலவான உதவித்தொகைக்கு வரி கிடையாது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் செலவான பகுதி வருமானமாகும். அதைக் காட்டியே தீர வேண்டும். அதே சமயம், உதவித்தொகையின் நிபந்தனை இடம் தருமானால், அதன் ஒரு பகுதியை உணவு, உறைவிடக் கணக்கில் வைத்து, அதை வருமானமாகக் காட்டி, கட்டணத்திற்குக் கூடுதல் சலுகை பெற அந்நாட்டு வரித்துறையே வழி சொல்கிறது. இது மோசடியன்று. சட்டம் திறந்து வைத்த வாசலில் வெளிப்படையாக நுழைவது வேறு. சுவரேறிக் குதிப்பது வேறு. பேணுதல் என்ற பெயரில் ஆகுமானதை ஹராமாக்கிவிடவும் கூடாது.

இனி நம் மாணவரின் நிலைக்கு வருவோம். எஃப்-1 விசாவில் சென்றவர் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிச் சட்டத்தின் பார்வையில் குடியிருப்பாளர் அல்லர். அவர் நிரப்ப வேண்டியது 1040-என்.ஆர். படிவம். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். அவருக்குப் பொதுவாகக் கல்விச் சலுகை கிடையாது. நம் மாணவரோ தம்மைக் குடியிருப்பாளர் என்று எழுதினார். இங்கே பட்டம் பெற்றிருந்தும் முதல் நான்காண்டுக்குள் படிப்பதாகக் காட்டினார். ஆக இரண்டு பொய்கள். 1098-டி கைக்கு வந்துவிட்டதே என்பது உரிமையாகாது. கணினி ஏற்றுக்கொண்டதே என்பதும் ஆதாரமாகாது. கணினி எழுதியதைக் கூட்டும், எழுதியவரின் உள்ளத்தை அறியாது.

“அது முஸ்லிமல்லாதவர்களின் அரசு, நமக்கு வேண்டாத வழிகளிலும் செலவிடுகிறது, அதன் கஜானாவில் கொஞ்சம் எடுத்தால் என்ன?” என்று சிலர் வாதிக்கக்கூடும். இதற்கு ஷாஃபிஈ, ஹனஃபீ இமாம்கள் அன்றே விடை எழுதிவிட்டனர். பிறர் நாட்டுக்குள் அபயம் பெற்று நுழைந்த முஸ்லிம், பகை நாடாக இருந்தாலும், அங்குள்ளோரின் பொருளை வஞ்சித்து எடுத்தல் கூடாது. அபயம் இரு தரப்பையும் கட்டும் உடன்படிக்கை. இன்றைய விசா அந்த அபயமன்றி வேறென்ன?

முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்கள் இஸ்லாத்திற்கு முன் தம்மை நம்பி உடன் வந்தவர்களைக் கொன்று, அவர்களின் பொருளை எடுத்துக்கொண்டு நாயகத்திடம் வந்தார்கள். அவர்களின் இஸ்லாத்தை ஏற்ற நாயகம் (ஸல்) அவர்கள், அந்தப் பொருளோடு தமக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கூறிவிட்டார்கள். புகாரியில் வரும் செய்தி இது. அப்பொருளுக்கு உரியவர்கள் இணைவைப்போர் என்பதால் துரோகம் துரோகமல்லாமல் போய்விடவில்லை.

“தெரியாமல் நடந்துவிட்டது” என்பவருக்கு? தவறுதலாகச் செய்தவர் மீது பாவமில்லை; ஆனால் பிறர் பொருளுக்கான பொறுப்பு நீங்குவதில்லை என்பது ஃபிக்ஹின் விதி. அந்நாட்டுச் சட்டமும் இவ்வாறே வகை பிரிக்கிறது. தவறான சலுகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும். விதியைச் சட்டை செய்யாமல் பெற்றவருக்கு இரண்டாண்டும், மோசடியாகப் பெற்றவருக்குப் பத்தாண்டும் அச்சலுகை மறுக்கப்படும்.

அந்தப் பணத்தை ஏழைக்கு ஸதகா செய்துவிட்டால் போதுமா? போதாது. உரியவர் யாரென்று தெரியாதபோது கூறப்படும் வழி அது. இங்கே உரியவரும் தெரியும். சேர்க்கும் வழியும் உண்டு. 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் இதற்கென்றே இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் வரி விதிகளை நன்கறிந்தவரிடம் கேட்டு, திருத்தக் கணக்கு அனுப்பி, பணத்தைக் கட்டிவிட வேண்டும். தவ்பாவின் ஷரத்துக்களில் ஒன்று, பிறர் உரிமையை அவரிடம் ஒப்படைப்பதாகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. திருமணத்தில் அந்தப் பணம் செலவாகிவிட்டது உண்மையே. ஆனால் மகன் தலையில் அது கடனாக நிற்கிறது. அவன் தனியே திணறாதபடி குடும்பமே சேர்ந்து அக்கடனை அடைக்க உதவுவது நன்று. ஊரிலிருந்து பேசும்போது, தொழுதாயா, சாப்பிட்டாயா என்று கேட்கிறோம். கணக்கைச் சரியாக எழுதினாயா என்றும் கேட்போம்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் கல்வியிலும் பொருளிலும் பரக்கத் செய்வானாக! ஹலாலைக் கொண்டே நம்மைப் போதுமாக்கி வைப்பானாக! ஆமீன்.