தேவரடியார்: ஒரு பட்டம் வசையான கதை

தேவரடியார் என்றால் இறைவனுக்கு ஆட்பட்டவர். சைவத்தில் அடியார் என்பதற்கு மேலான பட்டம் கிடையாது. நாயன்மார் அனைவரும் அடியார்களே. காரைக்கால் அம்மையாரும் அவர்களில் ஒருவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார் எனப்படும் பெண்கள் கோயிலுக்குக் கொடையளித்துத் தம் பெயரைக் கல்லில் பொறிக்கச் செய்தவர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் குடியிருப்பில் வாழ்ந்த கோயிற்பெண்கள், 400 பேர். ஒவ்வொருவர் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு அவருடையது என்பதும் அங்குள்ள கல்வெட்டில் உண்டு. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் பங்கு.

அந்தப் பெயரின் மருவிய வடிவம்தான் இன்று தமிழில் பெண்மீது வீசப்படும் ஆகக் கொச்சையான வசை.

அரசுகள் வீழ்ந்து கோயில் மானியங்கள் சுருங்கியபோது இப்பெண்கள் செல்வர்களின் ஆதரவை நம்பி வாழ நேர்ந்தது. ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் அவர்களை விலைமகளிராகவே கருதின. சிறுமிகளைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தில் அவர்களுக்கு நேர்ந்த கொடுமை உண்மை. அதை எதிர்த்துச் சீர்திருத்தவாதிகளான முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் போராடியது நியாயம். ஆனால் பழி ஒரு பக்கம் மட்டுமே தங்கியது. இப்பெண்களை வைத்திருந்த மிராசுதாருக்கு ‘மைனர்’ என்ற செல்லப்பெயர் கிடைத்தது. பெண்ணின் பட்டமோ வசையாயிற்று. ஆண் அடியாரின் பெயரில் ஒரு கீறலும் விழவில்லை.

சொல் மனத்தைக் காட்டும் கண்ணாடி மட்டும்தானா, மனத்தை உருவாக்கவும் செய்கிறதா என்பது மெய்யியலில் பழைய கேள்வி. தெருச் சண்டை ஒன்றைக் கவனித்தால் போதும். வண்டி உரசியதற்காக இருவர் மோதுகிறார்கள். மூன்றாவது வாக்கியத்தில் எதிராளியின் தாய் இழுக்கப்படுகிறாள். அவள் அங்கே இல்லை, தவறும் செய்யவில்லை. அருகே நிற்கும் பத்து வயதுப் பையன் சொல்லின் பொருளை அறியான். ஆனாலும் ஆணை வீழ்த்த அவன் வீட்டுப் பெண்ணின் ஒழுக்கத்தைத் தாக்க வேண்டும் என்ற பாடத்தைக் கற்றுவிடுகிறான். ஆணின் மானம் பெண்ணின் உடலில் இருக்கிறது என்ற நம்பிக்கை, எந்தச் சாத்திரத்தையும் படிக்காமலேயே இப்படித்தான் தலைமுறை தாண்டுகிறது. தங்கையைக் கண்காணிக்கும் அண்ணனும், பெண் பேசினாலே குணத்தைச் சந்தேகிக்கும் ஊரும் அந்த நம்பிக்கையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

சமய நோக்கில் இந்த வசை இன்னும் பெரிய பிழை. இறைவன்முன் அடியார் என்றான பின் குலமும் பாலும் பொருட்டல்ல என்பதே பக்தி மரபின் சாரம். தேவாரம் பாடும் நாவிலேயே இந்த வசையும் வருகிறது என்றால், அந்த மரபு வழிபாட்டோடு நின்றுவிட்டது என்று பொருள்.

இப்பெண்களின் பக்தியும் அந்த மரபைச் சேர்ந்ததுதான். திருவையாற்றில் இசைமேதை தியாகராஜரின் சமாதிக்குத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் தேவதாசி எனப்பட்ட இதே மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். பொட்டுக்கட்டுவதை 1947ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் தடை செய்தது. வசை மட்டும் ஒழியவில்லை. அதை ஒழிக்க வேண்டியவர்கள் அன்றாடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஆண்கள்.