கொடுப்பவனுக்கும் கடன் உண்டா?

இலவசமாகக் கிடைத்த ஒரு பொருளைக் குறை சொல்ல நமக்கு உரிமை உண்டா? சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேள்வி எனக்கும் என் அக்காள் மகனுக்கும் இடையே ஒரு சிறு சண்டையாக வந்து சேர்ந்தது.

நான் இப்போதெல்லாம் கதை எழுதுவது கம்ப்யூட்டரில்தான். அதற்கு உபயோகிக்கும் மென்பொருள் விலை இல்லாதது. உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு காசு ஊதியம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் சேர்ந்து அதை உருவாக்கி வருகிறார்கள். அதன் உள்ளே இருக்கும் வரிகளை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். அந்தப் பத்துப் பேரில் என் அக்காள் மகனும் ஒருவன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கர்வம் ஒரே பிற்பகலில் பறந்து போயிற்று. புதிய பதிப்பைப் போட்டுக் கொண்டேன். அத்தியாயங்களுக்கு எண் போடும் வசதியைப் பழைய இடத்தில் காணவில்லை. கூடவே வந்த வழிகாட்டியைத் திறந்தால், அது காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாவது பட்டியலில் பார் என்றது. இருந்ததோ இரண்டே பட்டியல்கள்!

அவன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டா, புதிது புதிதாகச் செய்கிறீர்களே, அதை எப்படி உபயோகிப்பது என்று நாலு வரி எழுதி வைக்கக் கூடாதா?"

"மாமா, ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வர ராத்திரி எட்டரை ஆகிறது. சாப்பிட்டபின் எனக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அதில் செய்வதா, செய்ததை விளக்கி எழுதுவதா? நீங்கள் நாவல் எழுதிவிட்டு அதற்கு உரையும் எழுதிக் கொடுக்கிறீர்களா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. காபி வந்து காப்பாற்றியது.

பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அவன் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. இந்த உலகத்தின் பெரிய காரியங்கள் வேகத்தினால்தான் நடந்திருக்கின்றன. 1991-ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது இளைஞர் லினக்ஸை வெளியிட்டபோது, அதைப் பொழுதுபோக்கு என்றுதான் சொல்லிக்கொண்டார். அரைகுறையாக இருக்கும்போதே கொடுத்தார். முகம் தெரியாதவர்கள் எடுத்தார்கள், உடைத்தார்கள், திருத்தி அனுப்பினார்கள். முதலில் முழுக் கையேட்டையும் எழுதி முடித்த பிறகே வெளியிடுவேன் என்று அவர் உட்கார்ந்திருந்தால், அது ஒரு மாணவனின் மேஜை டிராயரிலேயே தூங்கிப் போயிருக்கக் கூடும். இன்று அதன் மையப் பகுதி ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பாக வெளிவருகிறது. எந்தக் கையேடு அதனோடு ஓட முடியும்?

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 1992-லேயே வேறு சில தொண்டர்கள் கூடி, லினக்ஸுக்கு வழிகாட்டிகள் எழுதுவதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள். வாங்கிப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்ற எத்தனையோ பேரை உள்ளே அழைத்துக்கொண்டவை அந்த வழிகாட்டிகள்தாம். டோர்வால்ட்ஸின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அவர்களுடைய பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? புதிதாகச் செய்கிறவனுக்குக் கைதட்டல். விளக்குகிறவனுக்கு, அதிகம் போனால், ஒரு நன்றி. 2017-ல் கிட்ஹப் நிறுவனம் எடுத்த கணக்கில், வழிகாட்டி குறையாகவோ பழசாகவோ இருப்பதைக் கண்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 93 பேர். பங்களிப்பவர்களிலோ, வழிகாட்டியில் எப்போதாவது கை வைப்போம் அல்லது வைப்பதே இல்லை என்றவர்கள் நூற்றுக்கு 60 பேர். சமையல் ருசி இல்லை என்று பந்தியில் எல்லாரும் சொல்கிறார்கள். கரண்டி பிடிக்கத்தான் ஆள் இல்லை.

நாவலுக்கு உரை உண்டா என்று கேட்டானே, அதற்குப் பதில் இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு அகப்பட்டது. (நல்ல பதில்கள் எனக்கு எப்போதுமே விருந்தாளி போன பிறகுதான் வரும்.) நான் எழுதி முடித்த நாவலை இன்னொருவர் தொடர்ந்து எழுதப் போவதில்லை. பிடித்தால் படிப்பார்கள், இல்லாவிட்டால் மூடி வைப்பார்கள். இந்த மென்பொருளோ பலர் கூடிக் கட்டும் வீடு. நான் வைத்த செங்கல்லின்மேல் நாளைக்கு வேறொருவன் செங்கல் வைக்கிறான். எதற்காக அதை அங்கே வைத்தேன் என்று சொல்லாமல் போவது அவனுக்குக் குழி வெட்டி வைப்பது போல.

இதை அவனிடம் சொன்னேன். மறுத்துப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு வேறொரு கதையைச் சொன்னான்.

அவர்கள் குழுவில் ஒருவர் இருந்தாராம். வேறு நாட்டுக்காரர், இவன் நேரில் பார்த்ததே இல்லை. கோப்புகளைச் சேமித்து வைக்கும் பகுதி முழுவதும் அவர் கைவேலை. கெட்டிக்காரர். ஒரு நாள் வருவதை நிறுத்திவிட்டார். சண்டை ஒன்றும் இல்லை. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று நாலு வரி எழுதியிருந்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பகுதியைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. கடைசியில் இவன் மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தான். அவசியமே இல்லாதது போல் தோன்றிய ஒரு வரியை எடுத்தான். எங்கேயோ யாரோ ஒரு மாணவியின் ஆய்வுக் கட்டுரை பாதி அழிந்து போயிற்று.

"அந்த மனிதர்மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது, மாமா. ஆனால் கோபப்பட நான் யார்? அவர் எனக்கு என்ன பாக்கி?"

இதுதான் கேள்வி. சம்பளம் வாங்குகிறவனிடம் முதலாளி கேட்கலாம். தொண்டனிடம் யார் கேட்பது? கேட்டால், ஐயா நமஸ்காரம் என்று எழுந்து போய்விடுவான். சில குழுக்கள் துணிந்து சட்டமே போட்டிருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் என்ற தகவல் தளத்தை உருவாக்குகிறவர்கள், புது வசதியைக் கொண்டு வருகிறவர் அதற்கான விளக்கத்தையும் சேர்த்தே கொண்டு வர வேண்டும் என்கிறார்கள். ஓப்பன்பிஎஸ்டி என்ற குழுவில், கையேட்டில் இருக்கும் பிழையும் மென்பொருளில் இருக்கும் பிழையும் ஒன்றே. இரண்டும் அழிந்து போய்விடவில்லை. பத்துப் பேர் மட்டுமே உள்ள இடத்தில் அதே கண்டிப்பைக் காட்டினால் மிஞ்சுவது எத்தனை பேர் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னும் பழைய ஒரு வழக்கம். 1971-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸின் முதல் கையேடு வந்தது. தாம்ப்ஸன், ரிட்சி இருவரும் எழுதியது. அவர்கள் சம்பளக்காரர்கள்தான், தொண்டர்கள் அல்ல. ஆனாலும் அந்தக் கையேட்டில் 'பிழைகள்' என்று ஒரு தலைப்பே வைத்தார்கள். இந்தக் கருவி இன்ன இடத்தில் சரியாக நடக்காது என்று செய்தவர்களே எழுதி வைப்பதற்கு! தன் குறையைத் தானே எழுத நேரம் அதிகம் வேண்டாம், நெஞ்சுரம்தான் வேண்டும். அக்காள் மகனிடம் நான் கேட்டதும் கடைசியில் இவ்வளவுதான். எப்படி உபயோகிப்பது என்பதை நீ எழுத வேண்டாம். புதிதாக வருகிறவன் எழுதட்டும். எங்கே தடுக்கி விழுவோம் என்பது விழுந்தவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் ஏன் அப்படிச் செய்தாய் என்பதை உன்னைத் தவிர யாராலும் எழுத முடியாது. தொல்காப்பியர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இளம்பூரணர் முதல் நச்சினார்க்கினியர் வரை எத்தனை பேர் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள்! அவரிடம் போய்க் கேட்க வழியில்லை. உன்னிடம் கேட்க இன்றைக்கு வழி இருக்கிறது.

"சரி, மாமா" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "அப்படியானால் விழுந்தவர் நீங்கள். அத்தியாய எண்ணைப் பற்றிய பக்கத்தை நீங்களே எழுதுங்கள்" என்றான்.

நன்றாக மாட்டிக்கொண்டேன். இரண்டு பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதிய கைதான். இந்த ஒரு பக்கத்துக்கு நாலு நாள் ஆயிற்று. எழுதியதைப் பார்த்து அவன் இரண்டு தப்புக் கண்டுபிடித்தான். திருத்தினேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. முதல் அத்தியாயத்துக்கு மட்டும் எண் தானாக விழுவதில்லை. நாமாகக் கேட்டால்தான் விழுகிறது. அது ஏன்?

"அது நான் செய்ததுதான், மாமா" என்று தலையைச் சொறிந்தான். "ஏதோ ஒரு காரணம் இருந்தது. பார்த்துச் சொல்கிறேன்."

மூன்று வாரம் ஆகிறது. என் பக்கத்தில் அந்த இடத்தில் இரண்டு வரி காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.