இரவல் பெயர்

ஒரு பொருளை மதிப்பிடும்போது பொருளைப் பார்க்க வேண்டுமா, அதன்மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்க்க வேண்டுமா? பள்ளிக்கூடத்துப் பையன்கூட இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுவான். "பொருளைத்தான்" என்பான். நாமும் அப்படியே சொல்லுவோம். சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்ப் பெயரைப் பார்த்துத்தான் வாங்குவோம். வாங்கிய பிறகு, பெயருக்கு ஏற்ற பொருளாக இல்லையே என்று கோபித்துக்கொள்ளுவோம். அந்தக் கோபம் நியாயமானதா? நியாயமானால், அது யார்மேல் விழ வேண்டியது? இதைத்தான் இங்கே சற்று ஆராய விரும்புகிறேன்.

இதற்கு உதாரணமாக ஒரு வீடியோ விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளைகளின் பொழுதைத் தின்னும் பூதம் அது என்ற அபிப்பிராயம் நம்மில் பலருக்கு உண்டு, இருக்கட்டும். அதைச் செய்கிறவர்களும் ஒரு வகையில் கதை கட்டுகிறவர்கள்தாம். அவர்களுக்கு நேர்வது கதாசிரியனுக்கும் நேரும்.

முதலில் பெயரின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' என்பது ஆதியில் ஒரு சினிமாவின் பெயரே அல்ல. 1967-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாண்டுப் பூங்காவில் திறந்த ஒரு வேடிக்கைச் சவாரியின் பெயர் அது. படகில் ஏறி உட்கார்ந்தால் போதும். இருட்டுக் குகைகளின் வழியே படகு மிதந்து செல்லும். இரு மருங்கிலும் இயந்திரப் பொம்மைகள் கொள்ளையடிக்கும், குடிக்கும், பாடும். 36 ஆண்டுகள் கழித்து, 2003-இல், அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு கோர் வெர்பின்ஸ்கி இயக்கிய படம் வெளிவந்தது. ஜாக் ஸ்பாரோ என்ற தள்ளாட்டக் கப்பல் தலைவனாக ஜானி டெப் நடித்து உலகத்தை மயக்கினார். படம் வந்த அதே சமயத்தில், அதே பெயரைத் தாங்கி வந்தது நம் விளையாட்டு.

ஆனால் விளையாட்டின் பிறந்த வீடு வேறு. மாஸ்கோவில் அகெல்லா என்றொரு ஸ்தாபனம். அவர்கள் 2000-ஆம் ஆண்டில் 'சீ டாக்ஸ்' என்ற கடற்கொள்ளை விளையாட்டைச் செய்தார்கள். அமெரிக்காவில் பெதெஸ்டா கம்பெனி அதை வெளியிட்டது. பிறகு அதன் இரண்டாம் பாகத்தில் இறங்கினார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருக்கையில்தான் டிஸ்னியின் படத்தோடு உறவு ஏற்பட்டது. பிள்ளைக்கு வேறு பெயர் சூட்டினார்கள். படத்தில் நடித்த கீரா நைட்லி வந்து முன்னுரை வாசித்தார். படத்தின் 'பிளாக் பேர்ல்' என்ற சபிக்கப்பட்ட கப்பல் கதைக்குள் புகுந்தது. அவ்வளவுதான். மற்றபடி, ஜாக் ஸ்பாரோ வேண்டும் என்று நம்பி வாங்கியவனுக்கு ஜாக் ஸ்பாரோ கிடைக்கவில்லை!

கிடைத்தவன் நத்தானியல் ஹாக் என்ற வேறொரு கப்பல் தலைவன். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், போர்த்துகீசியர், டச்சுக்காரர் என்று ஆளுக்கொரு தீவை வைத்திருக்கும் ஒரு கற்பனைக் கடல். அங்கே தீவுக்குத் தீவு சரக்கு ஏற்றி விற்கலாம். மாலுமிகளைச் சம்பளம் பேசி அமர்த்தலாம். ராஜாவுக்கு ஊழியம் செய்யலாம். வெறுத்துப்போனால் கொள்ளையில் இறங்கலாம். காற்றின் போக்கைப் பார்த்துப் பாய் விரிக்க வேண்டும். எதிரியின் பாய்களைக் கிழிக்க ஒருவகைக் குண்டு, ஆட்களை வீழ்த்த ஒருவகைக் குண்டு என்று பார்த்துப் போட வேண்டும். நிதானமான, பிடிவாதமான, தனக்கென்று ஓர் உலகத்தை வைத்திருக்கிற விளையாட்டு அது.

விமரிசகர்கள் என்ன சொன்னார்கள்? கடலைப் புகழ்ந்தார்கள். அலைகளின் அழகையும், வானத்தின் நிறமாற்றத்தையும், கப்பல் சண்டையின் விறுவிறுப்பையும் பாராட்டினார்கள். குறைகளையும் சொன்னார்கள். நடுவில் நின்றுபோகும் கோளாறுகள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகக் காத்திருக்கும் நேரம். கரையில் நடக்கும் கத்திச் சண்டையின் சலிப்பு. கடைசியாக, எல்லோர் வாயிலும் ஒரு குற்றச்சாட்டு வந்தது: "இதற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?" முடிவில் உயர்வும் இல்லாமல் தாழ்வும் இல்லாமல் நடுத்தர மார்க்கு ஒன்றைப் போட்டு அனுப்பினார்கள்.

இந்தக் குற்றச்சாட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோளாறுகள் செய்தவர்களின் பொறுப்பு. அதற்கு மார்க்கைக் குறைத்தது முறை. நிதானம் ஒருவருக்குச் சலிப்பு, இன்னொருவருக்குச் சுகம். அது ருசியைப் பொறுத்தது. படத்துக்குச் சம்பந்தமில்லை என்பதோ முற்றிலும் வேறு ஜாதிக் குற்றம். அது விளையாட்டிலுள்ள குறை அல்ல. பெட்டியின்மேல் அச்சடித்த வார்த்தையிலுள்ள குறை.

"அப்படியானால் வாங்கியவன் ஏமாந்தது பொய்யா?" என்று நீங்கள் கேட்கலாம். பொய் இல்லை. பெயர் என்பது ஒரு வாக்குறுதி. பெரிய சங்கீத வித்துவானின் மகன் மேடை ஏறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரொட்டியில் தந்தையின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டதனால் சபை நிரம்பிற்று. மகன் தனக்குத் தெரிந்த பாணியில் நன்றாகவே பாடினான். ஆனால் அது தந்தையின் பாட்டாக இல்லை. சபையோர் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? டிக்கெட்டுப் பணம் தந்தையின் பெயருக்குக் கொடுத்ததல்லவா? நிரம்பிய சபையின் லாபத்தை ஏற்றுக்கொண்டவர்கள், கலைந்த சபையின் நஷ்டத்தையும் ஏற்கத்தான் வேண்டும். இரவல் வாங்கிய பெயருக்கு வட்டி உண்டு.

இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவரொட்டியில் எழுத்தைப் பெரிதாகப் போட்டது பாடியவன் அல்ல, கச்சேரி நடத்தியவர்கள். அகெல்லாவில் உட்கார்ந்து அலைக்கு வர்ணம் தீட்டியவனையும், கப்பலுக்குக் கயிறு கட்டியவனையும் கூப்பிட்டு, "உன் கடலுக்கு வேறு பெயர் வைக்கலாமா?" என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். வாக்குக் கொடுத்தவன் ஒருவன்; வாக்குத் தவறியதற்கு அடி வாங்கியவன் இன்னொருவன். விமரிசகர் போடும் ஒற்றை மார்க்கு இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. 2001-இல் தோன்றிய 'மெட்டாகிரிட்டிக்' என்ற ஏற்பாடு அந்த ஒற்றை மார்க்குகளையும் கூட்டிச் சராசரி எடுத்து ஓர் எண்ணாக்கிவிடுகிறது. அந்த எண்ணில் எவ்வளவு பெயரின் கடன், எவ்வளவு வேலையின் குறை என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.

பெயருக்கு உண்மையாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? 1982-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படம் வந்தது. அதே ஆண்டுப் பண்டிகைக் காலத்துக்குள் விளையாட்டு வந்தாக வேண்டும் என்று அட்டாரி கம்பெனி அவசரப்பட்டது. ஹோவர்டு ஸ்காட் வார்ஷா என்ற ஒரே மனிதர் ஏறக்குறைய ஐந்து வாரத்தில் அதைச் செய்து முடித்தார். படத்தின் நாயகனே விளையாட்டிலும் நாயகன்; படத்தைப்போலவே வீட்டுக்குத் தொலைபேச வழி தேடுகிறான். பெயருக்குத் துரோகம் இல்லை. இருந்தும் பயன் என்ன? விற்காமல் தேங்கிய பிரதிகளில் பலவற்றை 1983-இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புதைத்தார்கள். 2014-இல் தோண்டி எடுத்துப் பார்த்தபோது அவை அங்கேதான் இருந்தன. பெயருக்கு நேர்மையாக இருப்பது ஒரு குணம். நன்றாக இருப்பது இன்னொரு குணம்.

இன்னோர் உதாரணம். ஜேம்ஸ் பாண்டு நடமாடும் 'கோல்டன் ஐ' 1995-இல் வந்த படம். ரேர் என்ற ஆங்கில ஸ்தாபனம் செய்த விளையாட்டு 1997-இல்தான் வந்தது. படத்தின் திருவிழா முடிந்து, பந்தல் பிரித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பெயரின் பளபளப்பு தேய்ந்துபோன நேரத்தில் பொருள் தன் காலிலேயே நிற்க வேண்டியிருந்தது; நின்றது. விமரிசகர்கள் கொண்டாடினார்கள். பெயர் வாங்கிய கடனைக் காலம் தீர்த்துவிட்டால், பொருளின் முகம் தெளிவாகத் தெரிகிறது.

மாஸ்கோக்காரர்களின் கடலுக்கும் காலம் ஒரு நியாயம் செய்தது. மார்க்குகளை மறந்துவிட்டு, அந்த விளையாட்டை விரும்பிய சில ரசிகர்கள் அதன் உள்கட்டைப் பிரித்து, பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் உழைத்துத் திருத்தினார்கள். புதுக் கப்பல்களைச் சேர்த்தார்கள். புதுக் கதைகளைச் சேர்த்தார்கள். முதலில் எந்த ஜாக் ஸ்பாரோ இல்லை என்று உலகம் குறைப்பட்டதோ, அவனையும் தாங்களே கொண்டுவந்து ஏற்றினார்கள். வியாபாரி கொடுத்த வாக்கை ரசிகன் நிறைவேற்றினான்! வெறும் பெயருக்காக இத்தனை உழைப்பை யாரும் செலவழிக்கமாட்டார்கள். பெட்டிக்குள்ளே ஏதோ ஒன்று இருந்ததனால்தான் செலவழித்தார்கள்.

ஆகவே, மதிப்பிடுகிறவனிடம் நான் எதிர்பார்ப்பது கருணை அல்ல, கணக்குச் சுத்தம். "சொன்னது கிடைத்ததா?" என்பது ஒரு கேள்வி, அதை விற்றவனிடம் கேட்க வேண்டும், கண்டிப்பாகக் கேட்க வேண்டும். "கிடைத்தது நன்றாக இருக்கிறதா?" என்பது மற்றொரு கேள்வி, அதைச் செய்தவனிடம் கேட்க வேண்டும். முதல் கேள்வியில் பிறந்த கோபத்தோடு இரண்டாவதற்குப் பதில் எழுத உட்காரக் கூடாது. விமரிசகன் இப்படி இரண்டு பத்தியாக எழுதினால் வாங்குகிறவனும் ஏமாறமாட்டான். உழைத்தவனும் தான் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறமாட்டான்.