கடல் கடந்த தொண்டு

பிறர்க்கு உதவக் கடல் கடப்போர் பொருள் படைத்தவராய் இருத்தல் வேண்டுமா? நம்மில் பலர் அவ்வாறே எண்ணுகிறோம். மும்பைத் தமிழரிடையே தோன்றிய சான்று ஒன்று வேறு விடை தருகிறது.

கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம், செம்பூரை அடுத்த ஜனதா காலனிக் குடிசையில் வாழ்ந்தவர். 1976-இல் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அகற்றப்பட்டனர். அதனை எதிர்த்துப் போராடிய அவர் வளர்த்த குடிசைவாழ் மக்கள் இயக்கத்தினர், நடைபாதைவாழ் பெண்களுடன் 1990களில் தென்னாப்பிரிக்கக் குடிசைப் பகுதிகளுக்குச் சென்றனர். அவர்கள் கொண்டு சென்றது பணமன்று. தம் வீடுகளைத் தாமே கணக்கெடுக்கவும், சில்லறைக் காசைச் சேமிக்கவும் கற்ற பட்டறிவே. அங்குள்ளோரிடமிருந்து தாமும் கற்றனர். 1996-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. 2000-இல் ஜோக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது.

பொருளுதவி பெறுவோன் தலைகுனிய நேரலாம். தன்னைப் போல் துன்புற்றவனிடம் கற்பவன் குனிய வேண்டுவதில்லை. வெளிநாடு காணப் புறப்படும் நம் பிள்ளைகள் முதலில் சீத்தா கேம்ப்பைக் கண்டு செல்வார்களாக.