குடத்துக்குள் யார் பெயர்?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. ஞாயிற்றுக்கிழமை காரில் போகிற நமக்கு அங்கே ஏரி, பூநாரை, டச்சுக்காரர் கல்லறை, முடிந்தால் ஒரு படகு சவாரி. (கடைசி ஐட்டத்தில் ஜாக்கிரதை. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.) சுற்றிப் பார்க்க வந்தவன் கண்ணுக்கு அந்தத் தண்ணீர் ஒரு வெட்டவெளி. வேலி கிடையாது, சர்வே கல் கிடையாது, பட்டா கிடையாது. எங்கே வேண்டுமானாலும் துடுப்புப் போடலாம் என்று தோன்றும்.

அந்தத் தண்ணீரில் கோடுகள் உண்டு சார். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தக் கோட்டுக்குப் பெயர் 'பாடு'. குச்சி நட்டு வலை கட்டி இறால் பிடிக்க ஏரியில் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். கடல் உள்ளே வந்து போகிற முகத்துவாரத்துப் பக்கம் என்றால் இன்னும் விசேஷம். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் பட்டினவர் கிராமங்களில் ஒரு வழக்கம்: சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது. இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. பாடு என்றால் தமிழில் கஷ்டம். வலையில் விழுந்த மீனும் பாடுதான். இங்கே பங்குக்கும் அதே பெயர். என்ன பொருத்தம்!

பி.காம். படித்தவனுக்கு இதைப் பார்த்ததும் கை அரிக்கும். சீட்டு எதற்கு, ஏலம் விடலாமே? வருமானமும் வரும், திறமைசாலிக்கு இடமும் கிடைக்கும். கிடைக்கும்தான். முதல் வருஷம் திறமைசாலிக்கு, அடுத்த வருஷம் பணக்காரனுக்கு, அதற்கப்புறம் அவன் மச்சானுக்கு. சீட்டுக்கு முகம் தெரியாது, பர்ஸும் தெரியாது. பொதுச் சொத்தை அதை நம்பி வாழ்கிறவர்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையாருக்கு 2009-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள்.

கைதட்டிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் ஒரு கேள்வி பாக்கி. சீட்டில் யார் யார் பெயர்?

உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பராந்தக சோழன் காலம், கி.பி. 921. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் நிற்கவே முடியாது. (இந்த ஒரு விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேர் தேறுவார்கள்?) ஆனால் ஓலை குடத்துக்குள் போவதற்கே சொந்த நிலம், சொந்த வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். பையன் கை நியாயமானது. குடத்தின் வாய் குறுகலானது.

பாடும் அப்படித்தான். வழக்கப்படி அந்தக் கிராமத்தில், அந்தச் சமூகத்தில் பிறந்த ஆணுக்குத்தான் முறை. அதே ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கிற இருளர் பெண்ணுக்குச் சீட்டு கிடையாது. அவள் படுவதும் பாடுதான். பங்கு என்ற அர்த்தத்தில் மட்டும் அது பாடு இல்லை.

'எல்லாரையும் சேர்த்தால் ஏரி தாங்குமா?' என்று மீனவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஏரி தாங்காதுதான். வரம்பு இல்லாமல் வலை விழுந்தால் அடுத்த வருஷம் குஞ்சு இறால்கூட மிஞ்சாது. ஆனால் கவனியுங்கள். எத்தனை வலை என்பதற்கு ஏரி பதில் சொல்லும். யாருடைய வலை என்று ஏரி ஒருநாளும் கேட்டதில்லை. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். உலகத்தில் பாதி அநியாயம் இப்படித்தான் நியாயம் மாதிரி நடமாடுகிறது.

பழவேற்காட்டுக்காரர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்யதை உண்டா? நம் அப்பார்ட்மென்ட்டிலும் கார் பார்க்கிங்குக்குச் சீட்டுக் குலுக்குகிறோம். எல்லாருக்கும் திருப்தி. வாட்ச்மேன் சைக்கிள் மட்டும் வெளியே மழையில் நனைகிறது.

அவர் பெயரையும் எழுதிப் போட வேண்டும் என்று இதுவரை யாருக்காவது தோன்றியதா?